கீழ்வீட்டுக் குளிர்

காரைக்கால் பக்கம் தருமபுரத்து மாடி வீட்டை நான் வாடகைக்குப் பிடித்ததே அதன் கூடத்துக்காகத்தான். நீளமான கூடம், பழைய காலத்துத் தடித்த சுவர், ஒரு பக்கம் முழுக்க மர அலமாரி. வீடு பார்க்கப் போன அன்று கூடத்தின் நடுவில் நின்று கைதட்டிப் பார்த்தேன், எதிரொலி எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள. கூடவே மாடியேறி வந்திருந்த வீட்டுக்காரர், "என்னம்மா, பேய் கீய் இருக்கான்னு பாக்குறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பை அவருக்குக் கொடுத்ததற்காகப் பிறகு என்னையே திட்டிக்கொண்டேன்.

நெடுங்காட்டில், கொம்யூன் பஞ்சாயத்து என்கிற ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலை எனக்கு. கணவரைப் பிரிந்தவள், பிள்ளைகள் இல்லை. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். நடுவில் பிறப்புச் சான்றிதழ், வீட்டு வரி, குடிதண்ணீர் வரவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்கள். கல்யாண வாழ்க்கையில் ஒரு டிரான்சிஸ்டரைக்கூட நான் சத்தமாக வைத்ததில்லை. அவருக்குத் தலை வலிக்கும். பிரிந்து வந்த பிறகு எனக்கென்று வாங்கிய முதல் பொருள் ஆடியோ செட்தான். துபாயிலிருந்து ஊரோடு வந்துவிட்ட ஒரு குடும்பம் காரைக்காலில் அதை விற்றது. வெள்ளி நிற முகப்புள்ள ஆம்ப்ளிஃபயர், சிடி பிளேயர், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். விற்ற அம்மா ஒரு வீணைக் கச்சேரியைப் போட்டுக் காட்டினார். தந்தியில் விரல் உரசி நகரும் சத்தம் கேட்டது. அதுவரை நான் வீணையைக் கேட்டதே இல்லை போலிருந்தது.

மார்கழியில் குடிபுகுந்தேன். தை, மாசி இரண்டு மாதமும் சொர்க்கம். வேலை விட்டு வந்து முகம் கழுவி, காபி போட்டுக்கொண்டு, நாற்காலியைச் சரியான இடத்தில் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தால் அலுவலகம், பஸ் நெரிசல் எல்லாம் போய்விடும்.

பங்குனி பிறந்ததும் ஆரம்பித்தது.

நாதஸ்வரக்காரர் ஆலாபனையில் மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருப்பார். திடீரென்று கூடத்து விளக்கு ஒரு நொடி மங்கும். ஸ்பீக்கரிலிருந்து 'தட்' என்று ஓர் அடி விழும். ஸ்டெபிலைசர் டக், டக் என்று இரண்டு தரம் சொடுக்கும். சிடி பிளேயர் அணைந்து, திரும்ப உயிர் வந்து, தட்டை முதலிலிருந்து சுற்ற ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு பாட்டு ஓடினாலும் அடியில் ஓர் உறுமல் இருந்துகொண்டே இருக்கும். 'உம்ம்ம்' என்று, சுவருக்குள் ஏதோ ஒரு பெரிய வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி. தம்புராவுக்கு ஒரு சுருதி, அந்த உறுமலுக்கு ஒரு சுருதி. இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருக்க, நடுவில் வாசிக்கிறவர் பாவம் எங்கே நிற்பார்?

முதலில் செட்டில்தான் கோளாறு என்று நினைத்தேன். ஒயர்களை மாற்றினேன். புது ஸ்டெபிலைசர் வாங்கினேன். உறுமல் போகவில்லை. ஒரு சாயங்காலம் கீழே போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

அவர் ஓய்வுபெற்ற அதிகாரி. ஓய்வு உத்தியோகத்துக்குத்தான், அதிகாரத்துக்கு இல்லை என்பதுபோல நடந்துகொள்வார். வாசலில் அவரோடு அக்கம்பக்கத்து ஆண்கள் சிலர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சார், மேல வோல்டேஜ் ரொம்ப ஏறி எறங்குது. ஒயரிங்க ஒரு தடவை பாக்கச் சொல்றீங்களா?"

"ஒயரிங்குக்கு என்னம்மா கேடு? நீங்க வச்சிருக்கிறீங்களே ரெண்டு பீரோ, அது இழுக்குது. உங்களாலதான் கீழ எங்க லைட்டெல்லாம் மங்குது. நானே சொல்லணும்னு இருந்தேன்." பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "மேல ஒரு ரேடியோ ஸ்டேஷன் நடக்குது, தெரியுமில்ல?"

அவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து இன்னொன்றும் சொன்னார்: "தனி ஆளுக்கு எதுக்கும்மா அவ்வளவு பெரிய டப்பா? அத வித்துட்டு ஒரு தையல் மிஷினு வாங்கிப் போடுங்க. நாலு பேருக்குப் பிரயோஜனமா இருக்கும்."

மாடிப்படி ஏறும்போது முதுகில் அந்தச் சிரிப்பு ஒட்டியிருந்தது. அதைவிடக் கேவலம், அவர் சொன்னதை நான் நம்பினேன். அந்த மாதம் கரண்ட் பில்லும் எகிறியிருந்தது. அதற்கு அடுத்ததும் எகிறியது. ஸ்பீக்கர்தான் தின்கிறது என்று நினைத்து, பாட்டுக் கேட்கும் நேரத்தைக் குறைத்தேன். அப்போதும் பில் இறங்கவில்லை. வாஷிங் மிஷினை நிறுத்தினேன். சித்திரை வெயிலில் மொட்டைமாடிக் குழாயடியில் உட்கார்ந்து போர்வையையும் படுக்கை விரிப்பையும் கையால் அடித்துத் துவைத்தேன். இடுப்பு ஒடிந்துபோகும். கீழே ஜன்னலோரம் வீட்டுக்காரருடைய ஏசியின் வெளிப்பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். இடுப்பை நிமிர்த்த எழும்போதெல்லாம் அதன் குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீரை எட்டிப் பார்ப்பேன்.

வைகாசியில் ஒருநாள் அந்த 'தட்' வழக்கத்தைவிடப் பலமாக விழுந்தது. தொடர்ந்து விளக்கு பளீரென்று பிரகாசித்தது. ஆம்ப்ளிஃபயரின் முதுகிலிருந்து மெல்லிய புகை எழுந்து, கருகிய நாற்றம் கூடம் முழுக்கப் பரவியது. காரைக்கால் கடைத்தெருவில் ரிப்பேர் பார்க்கிறவர் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பவர் பகுதி மொத்தமும் கறுத்துப் போயிருந்தது. "கரண்டு அடி வாங்கியிருக்குங்க. எங்கயோ லூஸ் இருக்கு. அதப் பாக்காம மறுபடி மாட்டாதீங்க" என்றார். சாமான் வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்தது. ஒரு கண் ஆபரேஷனுக்கு ஆளை விட்டுவிட்டு வருவதுபோல அதைக் கடையில் விட்டுவிட்டு வந்தேன்.

செட் திரும்பி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாட்டுவதற்கு முன்னால் சுவரிலிருந்த பிளக் பாயின்ட்டின் திருகுகளை இறுக்கிவிடலாம் என்று நினைத்தேன். ரிப்பேர்க்காரர் லூஸ் என்று சொன்னது மனதில் இருந்தது. ஷாக் அடிக்கக் கூடாதே என்று, கூடத்துக் கதவுக்குப் பின்னால் இருக்கும் என் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தேன்.

என் மின்விசிறி நின்றது. அதே நொடியில், ஜன்னலுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்த ஏசியின் வெளிப்பெட்டியும் குலுங்கி நின்றது.

கீழேயிருந்து வீட்டுக்காரரின் குரல் வந்தது. "என்னாடி, கரண்டு போயிடுச்சா?"

அவர் மனைவியின் குரல்: "இல்லைங்க, ஃபேன் ஓடுதே. ஏசி மட்டுந்தான் நின்னுருக்கு."

கையை சுவிட்சிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றேன். பிறகு மேலே தூக்கினேன். என் மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கீழே ஏசி மறுபடி ஓடத் தொடங்கியது. அது தொடங்கிய நொடியில் என் கூடத்து விளக்கு மங்கிப் பிரகாசித்தது.

ஸ்டூலைப் போட்டு ஏறி, மெயின் சுவிட்சுப் பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். என் வீட்டுக்குப் போகும் ஒயர்களோடு, தடித்த ஒயர் ஒன்று தனியாகப் புறப்பட்டு, சுவருக்குள் பதித்த குழாய் வழியாகக் கீழே இறங்கிப் போயிருந்தது. மாடியில் ஏசி இல்லை. அந்த ஒயருக்கு என் வீட்டில் ஒரு வேலையும் இல்லை. பெட்டியில் அதை முறுக்கிச் சேர்த்த இடம் கறுத்து, இளகிப்போயிருந்தது. கீழ்வீட்டுக் குளிர் என் மீட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. நான் போர்வை துவைத்த தண்ணீரும், அவர் ஏசி சொட்டிய தண்ணீரும், கருகிய ஆம்ப்ளிஃபயரும், வாசல் சிரிப்பும் எல்லாம் அந்த ஓர் ஒயரில் வந்து சேர்ந்தன.

கத்திக்கொண்டு கீழே ஓடியிருப்பேன் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நிதானம் வந்தது. மூடியைத் திருப்பிப் பொருத்தி, திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கி, கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கரண்ட் ஆபீஸுக்கு ஒரு மனு எழுதிப் போடலாம். மனு என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? அதை அடுக்கிவைப்பதுதானே என் உத்தியோகம். மேலும் மனு கொடுத்தால் அவருக்கு ஒருநாள் சங்கடம், ஓர் அபராதம், அவ்வளவுதான். அவர் என்னை ஒரு வெயில் காலம் முழுக்க அவித்திருக்கிறார். நானும் அவரை வேகவைக்க வேண்டும்.

அதற்கான சுவிட்ச் என் கதவுக்குப் பின்னால் இருந்தது.

ஏசி போட்ட உடனே அணைத்தால் பலன் இல்லை என்று முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன். அறை நன்றாகக் குளிர வேண்டும். அவர் செய்திச் சேனலின் சத்தத்தைக் குறைக்க வேண்டும். கட்டில் கிரீச்சிட வேண்டும். கண் செருகுகிற நேரம் என்று ஒன்று உண்டல்லவா, அப்போது அணைப்பேன். அவர் புழுங்கி எழுந்து, ரிமோட்டைத் தட்டி, மனைவியைத் திட்டி, வெளியே வந்து பெட்டியைப் பார்க்கும்போது மறுபடி தூக்கி விடுவேன். அது ஓட ஆரம்பிக்கும். "இந்தா ஓடுதே" என்று அவர் சொல்வது கேட்கும். போய்ப் படுப்பார். நான் காத்திருப்பேன்.

மெக்கானிக் வந்தார். கேஸ் சரியாக இருக்கிறது, மோட்டார் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்ப வந்து ஸ்டெபிலைசரை மாற்றினார். அதன் பிறகும் நின்றது. கடைசியில் வீட்டுக்காரர் புது ஏசியே வாங்கிவிட்டார். அதை வண்டியிலிருந்து இறக்கும்போது நான் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "புதுசா சார்? நல்லாருக்கு" என்றேன். மனதார வாழ்த்தினேன். அன்று மத்தியானமே அதையும் நிறுத்தினேன்.

இதற்கு நானும் விலை கொடுத்தேன். அவருடைய ஏசியை நிறுத்தினால் என் மின்விசிறியும் நிற்கும். பனை விசிறியால் விசிறிக்கொண்டு, ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ள, சுவிட்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் நிற்கும் என்பதால் பாட்டே போடுவதில்லை. புதிதாகச் சரிசெய்து வந்த ஆம்ப்ளிஃபயர் துணி போர்த்தி அலமாரியோரம் கிடந்தது. என் காது முழுக்கக் கீழே இருந்தது. கட்டில் சத்தம், இருமல், ஏசி ஓடும் சத்தம், அது குலுங்கி நிற்கும் சத்தம். பாட்டில் தாளம் சுற்றிவந்து விழும் சமத்துக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்து அந்த நிற்கும் சத்தத்தைக் கேட்பேன். பிறகு வரும் அவருடைய வசவுகளும் காதுக்கு இனிமையாகத்தான் இருந்தன.

அவருக்குச் சந்தேகம் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? ஒயர் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியுமே. ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்து படியேறும்போது கீழ்ப்படியில் வந்து நின்றார். பனியனில் வியர்வை திட்டுத் திட்டாக இருந்தது.

"ஏம்மா, மேல மெயின் கியின் எதுவும் ஆஃப் பண்றீங்களா?"

நான் பையைத் தோளிலிருந்து இறக்கிப் படியில் வைத்தேன். அவசரமில்லாமல் பேச வேண்டிய பேச்சு அது.

"பண்ணுவேன் சார். பில்லு அதிகமா வருதுல்ல. நீங்கதானே ஸ்பீக்கர் இழுக்குதுன்னு சொன்னீங்க. அதான் தேவையில்லாத நேரத்துல எல்லாத்தையும் அணைச்சிடுறது. ஏன் சார்?"

"இல்ல... சும்மா கேட்டேன்."

"மேல அணைச்சா கீழ என்னமும் ஆவுதா சார்?"

அவர் "கீழ என்ன ஆவப்போவுது" என்று முனகிக்கொண்டு உள்ளே போனார். அன்று மேலே போய், காபி போட்டுக் குடித்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

சில நாள் கழித்து மொட்டைமாடியில் அவருடைய மனைவி வடகம் காயவைத்துக்கொண்டிருந்தார். அறுபதை ஒட்டிய வயது, அதிகம் பேசாதவர். அக்கா என்றுதான் அழைப்பேன். நான் துணி எடுக்கப் போனேன். அவர் வடகத் துணியின் நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"நாளைக்கு அவரோட கூட்டாளிங்க வர்றாங்க. சாப்பிட்டுட்டு அந்த ஏசி ரூம்புலதான் சீட்டு ஆடுவாங்க. ரெண்டு மணிக்கு மேல."

எனக்குக் கை நின்றுவிட்டது. "எதுக்குக்கா எங்கிட்ட சொல்றீங்க?"

"சும்மா சொன்னேன்." வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தென்னை மரங்களைப் பார்த்தார். "அந்த ரிமோட்ட அவரு பீரோவுல வச்சுப் பூட்டிட்டுத்தான் வெளிய போவாரு. நான் ஒருநாளும் அந்தக் குளுருல ஒக்காந்ததில்ல. அடுப்படி எப்புடி வேவுதுன்னு அவருக்குத் தெரியாது. ஒருநாளு அவரு வெளிய வந்து நின்னு திட்டயில மூஞ்சியப் பாத்தேன். அப்புடியே வெந்துபோயி இருந்துச்சு. எனக்கு என்னமோ நல்லாருந்துச்சு."

அவர் காலி அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கப் போனவர் நின்றார்.

"முன்னாடி சாயந்தரத்துல நாயனம் போடுவீங்களே. அடுப்படியில நல்லாக் கேக்கும். இப்ப ஏன் போடுறதில்ல?"

"அப்புறம் போடுறேன்க்கா" என்றேன். போடவில்லை. மறுநாள் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, சீட்டாட்டத்தை வேகவைத்தேன்.

ஆனியில் காரைக்கால் அம்மையார் கோயில் மாங்கனித் திருவிழாவுக்காக வீட்டுக்காரரின் மகளும் மருமகனும் பிரான்சிலிருந்து வந்தார்கள். மருமகன் இந்தப் பக்கத்துக்காரர்தான், அங்கே பெரிய கட்டடங்களில் மின்சாரப் பராமரிப்பு வேலை. மாமனார் அவரை விழுந்து விழுந்து கவனித்தார். ஏசி அறையை அவர்களுக்குக் கொடுத்தார். நான் தயங்கவில்லை என்று சொன்னால் பொய். விருந்தாளிகள் எனக்கு என்ன கெடுதல் செய்தார்கள்? ஆனால் அவர்களைக் குளிரவைப்பதும் என் மீட்டர்தானே. மாமனார் மாப்பிள்ளை முன்னால் நெளிவதைக் கேட்கும் ஆசையும் எனக்கு அடங்கவில்லை. அணைத்தேன். மறுநாளும் அணைத்தேன்.

மூன்றாம் தடவை மாமனார் "மெக்கானிக்கக் கூப்புடுறேன் மாப்ள" என்று சொன்னபோது மருமகன், "எதுக்கு மாமா, நானே பாத்துடுறேன்" என்றார்.

"வேணாம், வேணாம். நீங்க ரெஸ்ட்டு எடுங்க."

"இதுதானே மாமா என் வேலை? டெஸ்டர் எங்க இருக்கு?"

நான் ஜன்னலோரம் போய் நின்றேன். மெயினைத் தூக்கி வைத்திருந்ததால் ஏசி அப்போது ஓடிக்கொண்டிருந்தது. மருமகன் படிக்கட்டுக்கு அடியில் இருந்த கீழ்வீட்டு மெயின் சுவிட்சை அணைப்பது கேட்டது. கையை வைப்பதற்கு முன் எல்லாவற்றையும் அணைக்கும் ஆள். கீழ்வீட்டு மின்விசிறிகள் சுழற்சி குறைந்து நின்றன. தொலைக்காட்சி நின்றது. ஃபிரிட்ஜ் ஓய்ந்தது. வீடு மொத்தமும் அமைதியானது.

ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா." மருமகனின் குரல் மெதுவாகத்தான் வந்தது. "கீழ எல்லாம் நின்னுடுச்சு. இது மட்டும் ஓடுது. இதுக்கு எங்கேருந்து கரண்டு வருது?"

அதற்குப் பதிலை நான் சொன்னேன். கதவுக்குப் பின்னால் கையை நீட்டி, என் மெயினைக் கீழே இறக்கினேன். ஏசி குலுங்கி நின்றது.

நான் படியிறங்கிப் போனபோது எல்லாரும் முன்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். மருமகன் கையில் டெஸ்டர். மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திருவிழாவுக்கு வந்திருந்த உறவுக்காரர்கள் சிலரும் இருந்தார்கள். மருமகன் என்னைப் பார்த்தார். "இப்ப நீங்க மேல ஆஃப் பண்ணீங்களா?"

"ஆமாங்க."

வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "பழைய வீடு மாப்ள. அந்த எலக்ட்ரீசியன் பய தப்பா மாத்திக் குடுத்துட்டுப் போயிருக்கான். இத நான் எங்க கண்டேன்?"

"அவன் கீழேருந்துதான் குடுக்கறேன்னான்." சொன்னது அக்கா. சமையலறை வாசலில் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றார். குரல் உயரவில்லை. "மேலேருந்து இழு, வாடகைக்கு வர்றவன் கட்டட்டும்னு நீங்கதான் பக்கத்துல நின்னு சொன்னீங்க. நான் அவனுக்கு டீ குடுத்துட்டு அங்கதானே நின்னேன்."

வீட்டுக்காரரின் முகத்தை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். அவசரப்படாமல், ஒரு பொருளை வாங்குவதற்கு முன் பார்ப்பதுபோல. முதலில் மனைவியைப் பார்த்தார், அடிக்கப்போவதுபோல. அப்புறம் மருமகனைப் பார்த்தார். அவ்வளவுதான், முகம் இற்றுவிட்டது. உறவுக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போனார்.

"சரி, இப்ப என்ன ஆயிடுச்சு" என்றார் என்னிடம், தரையைப் பார்த்துக்கொண்டு. "பில்லு எவ்வளவோ அதச் சொல்லும்மா, குடுத்துடுறேன்."

"பில்லு வேணாம் சார். வெயில்ல ஒக்காந்து போர்வையெல்லாம் கையால தொவைச்சேன். ஸ்பீக்கர் இழுக்குதுன்னு சொன்னீங்கல்ல, அத நம்பி. மேல அழுக்குத் துணி இருக்கு. வந்து தொவைச்சுக் குடுங்க, சரியாப் போயிடும்."

மகள் முகத்தை மூடிக்கொண்டாள். மருமகன், "மன்னிச்சுக்குங்கக்கா" என்றார். அவர் கேட்க வேண்டிய மன்னிப்பு அல்ல அது. கேட்க வேண்டியவர் கடைசிவரை கேட்கவில்லை.

மறுநாள் காலையில் மருமகனே மேலே வந்து, பெட்டியைத் திறந்து, அந்தத் தடித்த ஒயரைக் கழற்றினார். இளகிக் கறுத்திருந்த முறுக்கைக் காட்டி, "இதுல நெருப்புப் பிடிக்காம இருந்ததே பெருசு" என்றார். என் ஒயர்களை எல்லாம் இறுக்கிக் கொடுத்தார். ஏசியைக் கீழ்வீட்டு மீட்டரோடு சேர்த்தார். விடுமுறை முடியும்வரை மாமனாரிடம் அவர் அதிகம் பேசவில்லை என்று அக்கா சொன்னார்.

அவர்கள் ஊருக்குப் போன பிறகு வீட்டுக்காரர் மாடிக்கு வந்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார். வாசலுக்கு வெளியிலேயே நின்று சொன்னார்.

"பண்றேன் சார். ஆனா வர்றவங்க போறவங்க ஏன் காலி பண்றீங்கன்னு கேப்பாங்க. தெருவுல எல்லாரும் உங்க கூட்டாளிங்க. என்ன சொல்லட்டும்?"

அவர் படியிறங்கிப் போனார். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஏசி அவருடைய மீட்டரில் ஓடத் தொடங்கியதும் அவருக்குக் குளிர் பிடிக்காமல் போய்விட்டது. மத்தியானங்களில் வாசல் நாற்காலியில் செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் தாண்டிப் போகும்போது செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். அது தலைகீழாக இருந்த நாளும் உண்டு.

எல்லாம் ஓய்ந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஆம்ப்ளிஃபயரின் மேலிருந்த துணியை எடுத்தேன். சிடியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். உறுமல் இல்லை. தம்புராவின் தந்திகள் ஒவ்வொன்றாக அதிர்ந்து அடங்கின. ஒரு சுரத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் அத்தனை அமைதி இருந்ததை நான் மறந்தே போயிருந்தேன். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குவது கேட்டது. ஆலாபனை தடங்கல் இல்லாமல் ஏறிக்கொண்டே போனது.

ஆனால் என் காது அதில் முழுசாக நிற்கவில்லை. கீழே ஏசி ஓடத் தொடங்கியிருந்தது. பாட்டின் பாதியில் நான் எழுந்துபோய்க் கதவுக்குப் பின்னால் கை வைத்ததை இப்போதும் மறைக்க மாட்டேன். மெயினை இறக்கினேன். நாதஸ்வரம் அறுந்தது, மின்விசிறி நின்றது. கீழே ஏசி எதுவும் நடக்காததுபோல ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. என்னுடைய ஒன்றை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டதுபோல இருந்தது.

அப்போது கீழேயிருந்து அக்காவின் குரல் வந்தது. ஏசி அறையின் ஜன்னலைத் திறந்துகொண்டு கூப்பிட்டார்.

"ஏங்க, நாயனம் ஏன் நின்னுடுச்சு? கரண்டு இருக்கே."

"நான்தான்க்கா அணைச்சேன்" என்றேன். "அவரு உள்ள இருக்காரோன்னு நெனச்சு."

அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. "அவரு வாசல்ல கெடக்காரு. ரிமோட்டு எங்கிட்ட இருக்கு. நீங்க போடுங்க."

சுவிட்சைத் தூக்கினேன். விளக்கு மங்காமல் எரிந்தது. சிடி முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தது. அன்று வால்யூமை வழக்கத்தைவிடக் கூட்டி வைத்தேன், வாசல்வரை கேட்கட்டும் என்று.